சிறிய சோதனைகள் காட்டும் பெரிய எண்கள்

1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ராய் பாமெய்ஸ்டரும் சகாக்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சோதனைக்காக 67 மாணவர்களை ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே சிறிய அடுப்பொன்றில் சாக்லேட் குக்கீ சுட்டதால் அறையெங்கும் அதன் வாசனை. மேசையில் குக்கீயும் சாக்லேட்டும் ஒருபுறம், சிவப்பு முள்ளங்கி மறுபுறம். சிலருக்குக் குக்கீ சாப்பிட அனுமதி. சிலர் முள்ளங்கியை மட்டுமே தொடலாம். இன்னொரு குழுவுக்கு எந்த உணவும் காட்டப்படவில்லை. முள்ளங்கிக் குழுவை அறையில் தனியே விட்டுவிட்டு ஆய்வாளர்கள் மறைவிலிருந்து கவனித்தார்கள். யாரும் விதியை மீறவில்லை. ஆனால் ஒருசிலர் குக்கீயைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள்.

பிறகு எல்லோருக்கும் ஒரு புதிர் கொடுக்கப்பட்டது: பென்சிலை எடுக்காமல், போட்ட கோட்டின் மேலேயே மறுபடி போகாமல் ஓர் உருவத்தை வரைய வேண்டும். அது தீர்க்கவே முடியாத புதிர். எவ்வளவு நேரம் விடாமல் முயல்கிறார்கள் என்பதுதான் அளக்கப்பட்டது. குக்கீ சாப்பிட்டவர்கள் சராசரியாக 18.9 நிமிடம் போராடினார்கள். முள்ளங்கியோடு நிறுத்திக்கொண்டவர்கள் 8.35 நிமிடத்தில் கைவிட்டார்கள். மன உறுதி என்பது செலவாகித் தீரக்கூடிய ஒரு சேமிப்பு, ஆசையை அடக்கச் செலவழித்தால் அடுத்த வேலைக்கு மிச்சம் இருக்காது என்ற கோட்பாடு இங்கிருந்து கிளம்பியது. அடுத்த இருபது ஆண்டுகளில் பாடநூல்களுக்கும் விற்பனையில் முன்னணியில் நின்ற நூல்களுக்கும் நிர்வாகப் பயிற்சி வகுப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பத்தரை நிமிட வேறுபாடு பெரியதா, சிறியதா? நிமிடத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே குழுவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். இரண்டு சராசரிகளின் வேறுபாட்டை அந்த உள்வேறுபாட்டால், அதாவது திட்ட விலக்கத்தால், வகுத்தால் கிடைப்பதைத்தான் 'விளைவின் அளவு' என்கிறோம். இதன் வழக்கமான குறியீடு டி. (கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய பி.சி. மகாலனோபிஸ் 1936இல் வரையறுத்த 'தொலைவு', ஒரே ஓர் அளவீட்டுக்குச் சுருக்கினால், இதே எண்தான். உளவியல் மாணவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை.) நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் கோஹன் இதற்குப் பிரபலமான மூன்று படிகளைத் தந்தார். 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது. சிறியது என்பதற்கு அவர் சொன்ன உதாரணம், 15 வயதுப் பெண்களுக்கும் 16 வயதுப் பெண்களுக்கும் இடையிலான உயர வேறுபாடு. நடுத்தரம், 14 வயதுக்கும் 18 வயதுக்கும் உள்ள வேறுபாடு. பெரியது, 13க்கும் 18க்கும் உள்ளது.

முள்ளங்கிச் சோதனையின் டி சுமார் 1.8. வளர்ந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஏறத்தாழ இவ்வளவுதான் வரும். ஆண்கள் பெண்களைவிட உயரம் என்பதை அறிய யாரும் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. தெருவில் நின்றால் போதும். ஐந்து நிமிடம் குக்கீயைத் தொடாமல் இருப்பது மனிதனின் விடாமுயற்சியை அந்த அளவுக்குக் குலைக்கும் என்றால், அதை நாம் எல்லோரும் அன்றாட வாழ்வில் கண்ணாலேயே பார்த்திருக்க வேண்டும். இந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்டவர்கள் மிகச் சிலர். சோதனை 'புள்ளியியல் ரீதியாக முக்கியம்' என்ற வாசலைத் தாண்டியிருந்தது. அதோடு விசாரணை முடிந்தது.

அந்த வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோதும் தற்செயலாகவே இவ்வளவாவது வேறுபாடு தோன்ற எத்தனை வாய்ப்பு என்று கணக்கிடுகிறோம். அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இருந்தால் முடிவை ஏற்கிறோம். பி-மதிப்பு என்பது இதுதான். இதற்கு மறுபக்கமாக ஒரு கேள்வி உண்டு. விளைவு உண்மையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்னுடைய சோதனை அதைக் கண்டுபிடிக்க எத்தனை வாய்ப்பு? இந்த வாய்ப்பின் பெயர் புள்ளியியல் திறன். விளைவு பெரிதானால் திறன் கூடும். ஆட்கள் கூடினாலும் கூடும். 80 சதவீதத் திறனாவது வேண்டும் என்பது கோஹன் ஏற்படுத்திய வழக்கம். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் தவறு, இருப்பதைத் தவறவிடும் தவறைவிட நான்கு மடங்கு மோசம் என்று அவர் எடைபோட்டார். முதலாவதற்கு ஐந்து சதவீதம் என்றால் இரண்டாவதற்கு இருபது.

இரண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனைக்கு மனக்கணக்காகவே ஒரு சூத்திரம் உண்டு. 16ஐ டியின் வர்க்கத்தால் வகுத்தால், 80 சதவீதத் திறனுக்கு ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் வேண்டும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். நடுத்தர விளைவுக்கு 64 பேர். பெரிய விளைவுக்கு 25ஐ ஒட்டி. சிறிய விளைவுக்கு 400ஐ ஒட்டி. விளைவு பாதியானால் ஆட்கள் நான்கு மடங்காக வேண்டும். இந்த வர்க்கக் கணக்குதான் ஆய்வாளர்களின் உள்ளுணர்வை ஏமாற்றுகிறது. 1971இல் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும், கணித உளவியலில் தேர்ந்தவர்களிடமே கேட்டுப் பார்த்து, சிறிய மாதிரியின் மேல் அவர்களும் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்திருப்பதைக் காட்டினார்கள். அந்தக் கானமனே பின்னாளில் எழுதிய புகழ்பெற்ற நூலில் திறன் குறைந்த ஆய்வுகளை நம்பி ஓர் அத்தியாயத்தைக் கட்டினார். 2017இல் அதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். அவருடைய நேர்மை மதிப்புக்குரியது; அந்த உள்ளுணர்வு எவ்வளவு வலுவானது என்பதற்கும் அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோஹன் 1962இலேயே எச்சரித்துவிட்டார். அசாதாரண, சமூக உளவியலுக்கான முன்னணி இதழொன்றின் 1960ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, அதிலிருந்த 70 கட்டுரைகளின் திறனைக் கணக்கிட்டார். நடுத்தர விளைவைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு இருந்த வாய்ப்பின் இடைநிலை மதிப்பு 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டிருந்தால் அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கும். 24 ஆண்டுகள் கழிந்த நிலையை ஜெர்மனியில் செட்ல்மையரும் கிகெரென்ஸரும் அதே இதழின் வாரிசில் ஆராய்ந்தபோது அது 37 சதவீதமாக இறங்கியிருந்தது. 64 சோதனைகளில் இரண்டில்தான் திறன் என்ற சொல்லே வந்தது. கணக்கிட்டவர் ஒருவரும் இல்லை.

இதோடு இன்னோர் எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். 1959இல் தியோடர் ஸ்டெர்லிங் நான்கு உளவியல் இதழ்களைப் புரட்டி, முக்கியத்துவச் சோதனை செய்த 294 கட்டுரைகளில் 286 கட்டுரைகள் வெற்றியை அறிவித்திருந்ததைக் கண்டார். 97 சதவீதம். ஆய்வாளர்களின் எல்லாக் கருதுகோளும் சரியென்றே வைத்துக்கொண்டாலும், பாதி வாய்ப்புகூட இல்லாத சோதனைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு எப்படி ஜெயிக்கும்? ஜெயிக்காது. தோற்றவை மேசை இழுப்பறையிலேயே கிடக்கின்றன, அல்லது ஜெயிக்கும்வரை தரவு வெவ்வேறு விதமாக அலசப்படுகிறது. அப்படி ஜெயித்தவை என்ன அளவைக் காட்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழுவுக்கு 20 பேர் கொண்ட ஒரு சோதனை. உண்மையான விளைவு 0.2 என்று நமக்கு மட்டும் தெரியும். இதையே நூறு ஆய்வுக்கூடங்கள் செய்தால் ஒன்பது, பத்து இடங்களில்தான் முடிவு வாசலைத் தாண்டும். தாண்ட வேண்டுமானால் அங்கே கிடைக்கும் டி குறைந்தது 0.64 இருந்தாக வேண்டும். இருபது இருபது பேரை வைத்துக்கொண்டு அதற்குக் குறைவான எதுவும் 'முக்கியம்' ஆக வழியே இல்லை. ஆகவே இதழில் அச்சாகும் ஒவ்வொரு முடிவும் உண்மையைப்போல மூன்று மடங்குக்கு மேல். உண்மையான 0.2ஐச் சரியாக அளந்த ஆய்வுக்கூடம் எதுவோ, அது தோற்றதாகக் கணக்கு. போதாததற்கு, தாண்டியவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து விளைவைத் தலைகீழாகக் காட்டும்; உதவுவதைக் கெடுப்பதாகச் சொல்லும். ஆண்ட்ரூ கெல்மனும் ஜான் கார்லினும் 2014இல் இந்த இரண்டு பிழைகளையும், அளவு பிசகுவதையும் திசை பிசகுவதையும், தனித்தனியே கணக்கிடும் வழியைத் தந்தார்கள்.

பெரிய கண் வைத்த சல்லடையில் சலித்து, மேலே தங்கிய கற்களை மட்டும் அளந்து 'இந்த ஆற்றின் கற்கள் இவ்வளவு பெரியவை' என்று சொல்வதைப் போன்றது இது. அங்கே நாம் அளப்பது சல்லடையின் கண்ணைத்தான். திறன் குறைந்தால் உண்மையைத் தவறவிடுவோம் என்பது மட்டுமே பாடப் புத்தகங்களில் இருக்கிறது. தவறவிடாமல் பிடித்ததும் ஊதிப்போனதாகவே இருக்கும் என்ற இரண்டாவது கேட்டை அவை சொல்வதில்லை. எனக்கு இதுதான் பெரிய கேடாகப் படுகிறது. தவறவிட்டதை நாளை வேறொருவர் கண்டுபிடிக்கலாம். ஊதிப்போன எண்ணோ அடுத்த ஆய்வுக்கு அடித்தளமாகிவிடுகிறது.

மன உறுதிக் கோட்பாட்டில் அப்படியே நடந்தது. 2010இல் மார்ட்டின் ஹேகரும் சகாக்களும் அதுவரை வெளியான 83 ஆய்வுகளிலிருந்து 198 சோதனைகளைத் திரட்டிச் செய்த தொகுப்பாய்வில் சராசரி டி 0.62 வந்தது. 1.8 எங்கே, 0.62 எங்கே, ஆனாலும் நடுத்தரத்துக்கும் மேலே, கௌரவமான எண். குழுவுக்கு 42 பேர் வைத்தால் தாராளமாகப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். நான்கு ஆண்டுகளில் இவான் கார்ட்டரும் மைக்கேல் மெக்கல்லவும் அதே தரவை எடுத்து, சிறிய ஆய்வுகளில் விளைவு ஊதியும் பெரிய ஆய்வுகளில் சுருங்கியும் இருப்பதைச் சுட்டிக்காட்டி, வெளியிடப்படாதவற்றுக்கு இடம்விட்டுக் கணக்கிட்டால் ஒன்றும் மிஞ்சாமல்கூடப் போகலாம் என்றார்கள். 198 சோதனைகளைக் கூட்டினால் உண்மை தானே வெளிவரும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. ஒரே சல்லடையில் தங்கியவற்றை எத்தனை சேர்த்தாலும் சராசரி திருந்தாது.

2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் ஒரே நெறிமுறையை முன்கூட்டியே பதிவுசெய்துகொண்டு, 2,141 பேரிடம் சோதனை செய்தன. தலைமை தாங்கியவர் 0.62ஐக் கணக்கிட்ட அதே ஹேகர். கிடைத்த டி 0.04. பாமெய்ஸ்டர் தரப்பு ஆட்சேபித்தது: கையாண்ட கணினிப் பணி மன உறுதியைச் சரியாகக் களைப்படையச் செய்யவில்லை என்றது. ஆட்சேபம் நியாயமானதுதான், சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். பாமெய்ஸ்டரோடு இதே துறையில் பல ஆய்வுகளைச் செய்த கேத்லீன் வோஸ் முன்னின்று, துறையில் ஊறியவர்களின் யோசனையோடு நெறிமுறைகளை வகுத்து, 36 ஆய்வுக்கூடங்களில் 3,531 பேரிடம் நடத்தினார். 2021இல் முடிவு வந்தது. டி 0.06.

0.04 என்ற அளவுள்ள விளைவை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, நமது சூத்திரப்படி குழுவுக்குப் பத்தாயிரம் பேர் வேண்டும். அன்றைக்கு முள்ளங்கியும் குக்கீயும் சாப்பிட்டவர்கள் குழுவுக்கு இருபது பேரைச் சுற்றித்தான் இருந்தார்கள். உண்மை விளைவு இந்த வட்டாரத்தில்தான் என்றால், அந்தச் சோதனையால் அதைப் பற்றி எதையுமே சொல்லியிருக்க முடியாது. மோசடி என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நேர்மையான ஆய்வாளர்கள் வழக்கத்தில் இருந்த முறையில் செய்தார்கள். வழக்கத்திலேதான் பழுது.

இது ஒரு கோட்பாட்டின் தனிக்கதையும் அன்று. 2015இல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த குழு, உளவியல் இதழ்களின் 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் வெற்றி. மறுசோதனையில் 36 சதவீதம். விளைவின் சராசரி அளவு பாதியாகியிருந்தது. 2020இல் கவார்வென், ஸ்ட்ரோம்லாண்ட், யோஹான்னெஸோன் ஆகிய மூவர், ஒரே விஷயத்தைப் பற்றிய தொகுப்பாய்வையும் பல ஆய்வுக்கூட மறுசோதனையையும் 15 ஜோடிகளாக ஒப்பிட்டார்கள். தொகுப்பாய்வு காட்டிய அளவு சராசரியாக மூன்று மடங்கு. சற்றுமுன் நாம் காகிதத்தில் போட்ட கணக்கும் இதே வட்டாரத்தில்தான் வந்தது.

அப்படியானால் புதிதாக ஒரு சோதனையைத் திட்டமிடும் ஆய்வாளர் எந்த எண்ணை நம்பிக் கணக்கைத் தொடங்குவது? சிக்கல் இங்கேதான் இறுகுகிறது. திறனைக் கணக்கிட விளைவின் அளவு தெரிய வேண்டும். அது தெரியாததால்தானே சோதனையே. பலரும் முதலில் ஒரு முன்னோட்ட ஆய்வைச் செய்து அதிலிருந்து எண்ணை எடுக்கிறார்கள். குழுவுக்கு 20 பேரை வைத்து முன்னோட்டம் பார்த்தீர்கள், 0.5 கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை அளவு அடங்கக்கூடிய வீச்சு, கழித்தல் 0.13இலிருந்து 1.13 வரை நீளும். மேல் எல்லை சரியென்றால் பதின்மூன்று, பதினான்கு பேர் போதும், உண்மை 0.2 என்றால் 394 பேர் தேவை. கீழ் எல்லை சரியென்றால் விளைவின் திசையே வேறு. இத்தனையையும் ஒருசேர அனுமதிக்கும் ஓர் அளவீடு திட்டமிட உதவாது. மேலும், முன்னோட்டத்தில் எண் சிறிதாக வந்தால் பெரும்பாலும் அந்த யோசனையே கைவிடப்படுகிறது. பெரிதாக வந்தவை மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகின்றன.

கோஹனின் நடுத்தர 0.5ஐ அப்படியே எடுத்துக்கொள்வது இன்னொரு வழக்கம். வேறு வழியே இல்லாதபோது கைகொடுக்கத்தான் அவர் அந்தப் படிகளைத் தந்தார். சமூக உளவியலின் நூறாண்டு இலக்கியத்தைத் தொகுத்து 2003இல் வந்த ஆய்வின்படி சராசரி விளைவு சுமார் 0.43, அதுவும் வெளியானவற்றிலிருந்து எடுத்தது. ஆய்வு முடிந்தபிறகு, கிடைத்த எண்ணையே போட்டுத் திறனைக் கணக்கிட்டு எழுதும் வழக்கமோ வெறும் சுற்று. பி-மதிப்பு சரியாக 0.05 என்றால் அந்தத் 'திறன்' எப்போதும் 50 சதவீதத்தை ஒட்டியே வரும். பி-மதிப்பு சொன்னதற்கு மேல் அது ஒரு சேதியும் சொல்லாது. எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது, முதலில் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் விளைவை மென்பொருளில் தேடிப் போட்டு, 'திறன் 80 சதவீதம்' என்று ஆய்வேட்டில் எழுதுவது. எண் சரியாக இருக்கும், கேள்வி செத்துப்போயிருக்கும்.

எந்த மென்பொருளும் தேவைப்படாத ஓர் உரைகல்லை ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் ஆகியோர் 2013இல் முன்வைத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த வெளிப்படையான விஷயங்களை அளந்து, அவற்றைக் கண்டுபிடிக்கக் குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்தார்கள். ஆண்கள் பெண்களைவிட உயரம் என்பதற்கு ஆறு பேர் போதும். காரமான உணவை விரும்புபவர்களுக்கு இந்தியச் சாப்பாடு பிடிக்கும் என்பதற்கு 26 பேர். ஆண்கள் பெண்களைவிட எடை கூடியவர்கள் என்பதற்கு 46 பேர் வேண்டியிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய இதழ்களைத் திறந்தால் வாசிப்பே மாறிவிடுகிறது. குழுவுக்கு இருபது பேரை வைத்து ஒருவர் நுட்பமான ஒரு மனவிளைவைக் கண்டதாகச் சொல்கிறார் என்றால், ஆண்-பெண் எடை வேறுபாட்டைவிடத் தெளிவாகத் துலங்கும் ஒன்றைக் கண்டதாக அவர் சொல்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

நான் சரியென்று நினைக்கும் வழி, கேள்வியைத் திருப்பிப் போடுவது. விளைவு எவ்வளவு இருக்கும் என்று ஊகிப்பதற்குப் பதிலாக, எவ்வளவு இருந்தால் நமக்கு அது பொருட்டு என்று முதலில் முடிவுசெய்வது. மனச்சோர்வுச் சிகிச்சையில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2004இல், 0.5ஆவது இருந்தால்தான் நோயாளிக்குப் பயன் என்று வைத்தது. பிற்பாடு அந்த அளவுகோலைக் கைவிட்டது. பிம் கைபெர்ஸும் சகாக்களும் 2014இல், 0.24 அளவு முன்னேற்றமே நோயாளிக்குப் பொருள் தரும் என்று கணக்கிட்டார்கள். முதலாவதை ஏற்றால் குழுவுக்கு 64 பேர். இரண்டாவதை ஏற்றால் 275 பேரை நெருங்க வேண்டும். இந்தத் தேர்வைச் சூத்திரம் செய்து தராது. மருத்துவரும் நோயாளியும் சிகிச்சைக்குப் பணம் தருபவரும் சேர்ந்து வாதாடி எடுக்க வேண்டிய முடிவு. எடுத்தபிறகு கணக்கு எளிது. தோற்றாலும் அந்தத் தோல்விக்குப் பொருள் இருக்கும், ஏனென்றால் பொருட்படுத்தத்தக்க அளவில் விளைவு இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

அத்தனை பேருக்கு எங்கே போவது என்பது ஏழை ஆய்வுக்கூடத்தின் நியாயமான கேள்வி. தலைகளை எண்ணுவது ஒன்றே திறனுக்கு வழியன்று. ஒரே ஆளை இரண்டு நிலைமைகளிலும் அளக்க முடிந்தால், இரண்டு அளவீடுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.5 இருந்தாலே, நடுத்தர விளைவுக்கு இரண்டு குழுக்களாக 128 பேர் செய்ய வேண்டியதை 34 பேர் செய்துவிடுவார்கள். ஒட்டுறவு 0.8 என்றால் பதினைந்து பேர் போதும். நிறப் பெயரை வேறு நிற மையில் அச்சிட்டு மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனை, சில மாணவர்களை வைத்தே வகுப்பறையில் ஒவ்வோர் ஆண்டும் பிசகாமல் பலிப்பது இதனால்தான்: விளைவு பெரியது, ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு, அளவீடோ பல தடவை. அளக்கும் கருவியின் நம்பகத்தன்மையும் அப்படித்தான். நம்பகத்தன்மை 0.5 மட்டுமே உள்ள வினாப்பட்டியலைக் கையில் எடுத்தால், முழு நம்பகத்தன்மை உள்ள கருவிக்குத் தேவைப்படுவதைப்போல இரண்டு மடங்கு ஆட்கள் வேண்டும். வினாப்பட்டியலைச் செப்பனிட ஒரு பருவத்தைச் செலவிடுவது வீணில்லை என்பதை ஆய்வு மாணவர்கள் தங்கள் வழிகாட்டியிடம் இந்தக் கணக்கைக் காட்டியே வாதாடலாம்.

இதழ்கள் பக்கமும் ஒரு வழி பிறந்திருக்கிறது. கார்டெக்ஸ் என்ற இதழில் 2013இல் கிறிஸ் சேம்பர்ஸ் தொடங்கிவைத்த 'பதிவுபெற்ற அறிக்கை' முறையில், தரவு திரட்டும் முன்பே கேள்வியும் முறையும் மாதிரி அளவும் பரிசீலிக்கப்படுகின்றன. ஏற்கப்பட்டால், முடிவு எப்படி வந்தாலும் கட்டுரை வெளியாகும். கார்டெக்ஸ் 90 சதவீதத் திறனைக் கேட்கிறது. ஆன் ஷீலும் சகாக்களும் 2021இல் உளவியலில் இந்த முறையில் வந்த கட்டுரைகளை வழக்கமான கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். வழக்கமானவற்றில் முதல் கருதுகோள் வென்றதாகச் சொன்னவை 96 சதவீதம். ஸ்டெர்லிங் எண்ணிய காலத்திலிருந்து அறுபதாண்டு கடந்தும் ஏறத்தாழ அதே எண். பதிவுபெற்ற அறிக்கைகளில் அது 44 சதவீதம். மீதி 56 சதவீதம் முன்பெல்லாம் இழுப்பறையில் கிடந்திருக்கும். இன்று அவை அச்சில் இருக்கின்றன, தம்முடைய டியோடும் நம்பிக்கை இடைவெளியோடும். அடுத்தவர் தன் மாதிரி அளவைக் கணக்கிடும்போது எடுத்தாளலாம்.